சர்ஜனிடம் கேளுங்கள்: வலைக்கு அளவெடுப்பது எப்படி?

வயிற்றுச் சுவரில் பலவீனமான இடம் வழியாகக் குடல் பிதுங்குவதுதான் குடலிறக்கம், அதாவது ஹெர்னியா. தொடை இடுக்கில் வரும் குடலிறக்கத்துக்கு, அந்த இடத்தை மூடப் பிளாஸ்டிக் வலை வைத்துச் செய்யும் ஆபரேஷன் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த இதழ் முழுக்க ஹெர்னியாதான். சர்க்கரை, தைராய்டு என்று எழுதியவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு வலது பக்கம் குடலிறக்கம். திறந்து வைத்துச் செய்யும் ஆபரேஷன்தான், 15க்கு 7.5 சென்டிமீட்டர் வலை வைப்போம் என்கிறார் டாக்டர். இரண்டு வருடம் முன்பு என் தம்பிக்கும் இதே அளவுதான் வைத்தார்கள். அவன் ஆறடி, நான் ஐந்தடி இரண்டு அங்குலம். நான் தையல்காரன். ஒரு சட்டைக்கே ஆளுக்கு ஆள் டேப் போட்டு அளக்கிறோம். உடம்புக்குள் வைக்கிற துணிக்கு அளவே எடுக்க மாட்டீர்களா?
– வாசகர், 54 வயது, பொள்ளாச்சி

பதில்: இந்தக் கேள்வியை என் முதுகலை மாணவர்கள் யாராவது கேட்டிருந்தால் அன்றைக்கு டீ வாங்கிக் கொடுத்திருப்பேன். அளவு எடுக்கிறோம். ஆனால் வெளியே எடுக்க முடியாது, உள்ளே போய்த்தான் எடுக்க முடியும்.

15க்கு 7.5 என்பது பெட்டியில் வரும் துணியின் அளவு. சட்டையின் அளவு இல்லை. அதைத் தியேட்டரில் கத்தரிக்கோலால் வெட்டித்தான் வைக்கிறோம். உங்களுக்கும் தம்பிக்கும் ஒரே பெட்டி வந்திருக்கலாம். உள்ளே போவது ஒரே வடிவமாக இருக்காது. இன்னொன்று, உயர வித்தியாசத்தில் பெரும்பகுதி காலில் இருக்கிறது. இடுக்கில் நீங்கள் நினைக்கிற அளவு வித்தியாசம் இராது.

ஆளுக்கு ஆள் மாறுவது வேறு விஷயங்கள். ஓட்டை எங்கே இருக்கிறது? விதைக்குப் போகும் ரத்தக்குழாய்களும் விந்துக்குழாயும் சேர்ந்த கொத்து வயிற்றுச் சுவரைத் தாண்டி வெளியே வரும் வாசலிலா, அல்லது அதற்கு உட்பக்கம் சுவரே தளர்ந்து பிதுங்கியிருக்கிறதா? எவ்வளவு பெரிசு? இதற்கு நாங்கள் பயன்படுத்தும் டேப் ஆள்காட்டி விரல்தான். விளையாட்டாகச் சொல்லவில்லை, ஐரோப்பிய ஹெர்னியா சங்கத்தின் வகைப்பாட்டிலேயே ஒரு விரல், இரண்டு விரல், அதற்கு மேல் என்றுதான் கணக்கு. பிறகு தசை எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மூட்டை தூக்கிய முப்பது வயதுக்காரருக்குத் தடியாக இருக்கும். எழுபது வயதில், இருமி இருமித் தேய்ந்தவருக்கு வெங்காயத்தோல் மாதிரி இருக்கும்.

ஓட்டை இரண்டு சென்டிமீட்டர் என்றால் இரண்டரை சென்டிமீட்டர் வலை போதும் என்று தோன்றும். அங்கேதான் தவறு நடக்கும். முக்கியம் ஓட்டையின் அளவு இல்லை, ஓட்டையைத் தாண்டி நல்ல தசைமேல் வலை எவ்வளவு படிகிறது என்பதுதான். அடிவயிற்றின் கீழே கை வைத்தால் தட்டுப்படுகிறதே பூப்பெலும்பு, அதன் முனையைத் தாண்டி நடுப்பக்கம் சுமார் 2 செ.மீ. போக வேண்டும். தளர்ந்த பகுதிக்கு மேலே 3 முதல் 4 செ.மீ. வெளிப்பக்கம், அந்த வாசலைத் தாண்டி 5 முதல் 6 செ.மீ. திரும்ப வரும் குடலிறக்கம் அடிக்கடி பூப்பெலும்பு ஓரத்தில்தான் எட்டிப் பார்க்கும், ஏனென்றால் அங்கே வலையைக் கஞ்சத்தனமாக முடித்திருப்பார்கள். 11க்கு 6 என்று சின்னத் துண்டும் கடையில் கிடைக்கிறது. இந்த ஓரக்கணக்கைப் போட்டுப் பார்த்தால் வளர்ந்த ஆளுக்கு அது பற்றாது என்பது உங்களுக்கே தெரியும்.

நடுப்பக்க மூலையை வட்டமாக வெட்டுவோம். வெளிப்பக்க நுனியில் ஒரு வெட்டு விட்டு இரண்டு வாலாகப் பிரிப்போம்: மேல் வால் மூன்றில் இரண்டு பங்கு அகலம், கீழ் வால் ஒரு பங்கு. இரண்டுக்கும் நடுவே அந்தக் கொத்து போகும். பிறகு வால்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுத் தைத்தால் வலையிலேயே ஒரு புது வாசல். இது இறுகினால் விதை வீங்கும், வலிக்கும். அகன்றால் குடல் அதே வழியில் திரும்ப வரும். இந்த ஒரு இடத்துக்கு எந்தக் கம்பெனியும் அளவு போட்டுத் தர முடியாது, அந்த ஆளின் கொத்து எவ்வளவு தடியோ அவ்வளவுதான் கணக்கு.

அப்புறம், உங்கள் தொழிலில் வராத ஒரு சிக்கல். நீங்கள் நிற்பவருக்கு அளவெடுக்கிறீர்கள், நிற்பவர் போட்டுக்கொள்கிறார். நான் படுத்திருப்பவருக்கு அளவெடுக்கிறேன், அவர் எழுந்து போய் தண்ணீர்க் குடம் தூக்குகிறார். எழுந்து நின்றாலே வயிற்றுக்குள் அழுத்தம் கூடும், இருமினால் பல மடங்கு ஆகும். அதனால் வலையை விறைப்பாக இழுத்துத் தைக்கவே கூடாது. லேசாகக் குவிந்து, கொஞ்சம் தொளதொளவென்று இருக்க வேண்டும். தவிர, உடம்புக்குள் போன வலையைச் சுற்றித் தழும்பு வளர்ந்து அது 20 சதவீதம் வரை சுருங்கலாம். நீங்கள் புதுக் காட்டன் துணிக்குக் கூடுதல் விடுவீர்கள் அல்லவா, அந்தக் கணக்கை நாங்களும் போடுகிறோம்.

அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து ஆபரேஷன் பண்ணும்போது, முடிக்கும் முன்பு நான் "அண்ணே, ஒரு தடவை நல்லா இருமுங்க" என்பேன். வலை எங்கே விறைக்கிறது, எங்கே தூக்குகிறது என்று கண்முன்னே தெரியும். முழு மயக்கத்தில் இந்த வசதி கிடையாது. இந்த முறையை 1984இல் லாஸ் ஏஞ்சலிஸில் கொண்டுவந்த இர்விங் லிக்டென்ஸ்டைனும் அப்படி மரக்க வைத்துத்தான் செய்தார். தசையை இழுத்துக்கட்டாமல் வலையை வைத்து மூடுவது அவருடைய வழி. அவருடைய சகா பர்விஸ் அமீத்தான் பிற்பாடு ஓரக்கணக்குகளையும் அந்தத் தொளதொளப்பையும் சொல்லித் தந்தார்.

டேப் போட்டே அளந்தவரும் உண்டு. பிரான்ஸில் அமியான் நகரத்து ரெனே ஸ்டோப்பா, இரண்டு பக்கத்தையும் ஒரே பெரிய வலையால் மூடுவார். இரண்டு இடுப்பெலும்பு முனைகளுக்கு நடுவே உள்ள தூரத்தில் 2 செ.மீ. கழித்தால் வலையின் அகலம். தொப்புளுக்கும் பூப்பெலும்புக்கும் இடையே உள்ள தூரம் உயரம். நீங்கள் அந்த ஊரில் இருந்திருந்தால் அவர் உங்களை வேலைக்குச் சேர்த்துக்கொண்டிருப்பார்.

கேள்வி: லேப்ராஸ்கோப்பில் (சின்னத் துளை வழியே கேமரா விட்டு) செய்யப்போகிறார்கள். சாதா வலை ஒரு விலை, உடம்பு வளைவுக்கேற்ற 'த்ரீ டி' வலை அதைவிடப் பல மடங்கு விலை என்கிறார்கள். கூடுதல் பணம் கொடுக்கலாமா?
– வங்கி ஊழியர், திருச்சி

பதில்: அந்த வலை இடது, வலது என்று செருப்பு மாதிரி தனித்தனியாக வரும். இடுப்புக்குள்ளே இருக்கும் வளைவுக்கு ஏற்றபடி முன்பே வளைத்திருப்பார்கள். வைப்பது சுலபம், நேரம் கொஞ்சம் மிச்சம். ஆனால் தட்டை வலையைவிட இதில் ஹெர்னியா திரும்ப வருவது குறைகிறது என்று உறுதியாக நிரூபிக்கப்படவில்லை. காப்பீடு கொடுக்கிறது என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். நகையை அடகு வைத்து வாங்காதீர்கள்.

1956இல் ஆன்றி ஃபுருஷோ என்ற பிரெஞ்சு சர்ஜன் ஒரு விஷயத்தைச் சொன்னார். இடுக்கில் வரும் எல்லாக் குடலிறக்கமும், தொடைப் பக்கம் வருவதையும் சேர்த்து, ஒரே பலவீனமான பரப்பின் வழியாகத்தான் வருகின்றன. லேப்ராஸ்கோப்பில் உள்பக்கமிருந்து அந்தப் பரப்பு முழுவதையும் மூடுகிறோம். அதற்குக் குறைந்தது 15க்கு 10 செ.மீ. வேண்டும். ஓட்டை பெரிதானால் வலையும் பெரிதாக வேண்டும். உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியது, "எந்த பிராண்ட்?" என்பதைவிட, "எவ்வளவு பெரிசு வைப்பீர்கள், வெட்டிச் சிறிதாக்குவீர்களா?" என்பதுதான். வலைக்கு ஏற்ற இடத்தை உள்ளே போதுமான அளவு பிரித்து எடுக்காமல், இருக்கிற இடத்துக்கு ஏற்ப வலையை வெட்டினால் வேலை சீக்கிரம் முடியும், ஹெர்னியாவும் சீக்கிரம் திரும்பும். கடைசியில், வேலை செய்ய இடம் கிடைப்பதற்காக உள்ளே நிரப்பிய காற்றை வெளியேற்றும்போது வலையின் கீழ் ஓரம் சுருண்டு மேலேறாமல் இருக்கிறதா என்று கேமராவில் பார்த்துக்கொண்டே இறக்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்துக்கு விலைப்பட்டியலில் இடம் கிடையாது.

கேள்வி: என் கணவருக்கு 38 வயது. வெளியூர் மருத்துவமனை ஒன்றில் வலை வைத்து ஏழு மாதம் ஆகிறது. தொடையின் உள்பக்கம் எரிகிறது, பைக்கில் உட்கார முடியவில்லை. "எல்லாம் மனசுதான்" என்று அனுப்பிவிட்டார்கள். வலை பொருந்தவில்லையா? எடுத்துவிட வேண்டுமா?
– நாகர்கோவில் வாசகி

பதில்: அம்மா, முதலில் அவர் சொல்வதை நம்புங்கள். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று மாதம் தாண்டியும் ஓரளவு வலி இருப்பவர்கள் பத்துப் பேரில் ஒருவராவது இருப்பார்கள். அன்றாட வாழ்க்கையையே முடக்கும் வலி அதைவிடக் குறைவு. ஆனால் உண்டு.

இடுக்கில் மூன்று மெல்லிய நரம்புகள் ஓடுகின்றன. அவை ஓடும் பாதை எல்லோருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. நரம்பு தையலில் மாட்டியிருக்கலாம், தழும்பில் சிக்கியிருக்கலாம். எரிச்சல், மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, தொட்டாலே கூசுவது எல்லாம் நரம்பின் மொழி. வலை மடிந்து கட்டியாகியிருந்தால் ஒரே இடத்தில் குத்தும், குனிந்தால் கூடும். பூப்பெலும்பின் மேலுறையில் தையல் போட்டிருந்தால் அந்த எலும்பின் மேலேயே விரல் வைத்துக் காட்டுவார்கள். ஹெர்னியாவே திரும்பியிருக்கவும் வாய்ப்பு உண்டு. உங்கள் கணவருக்கு இதில் எது என்று கடிதத்தைப் படித்து என்னால் சொல்ல முடியாது. முதலில் செய்தவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன்.

ஹெர்னியா அதிகம் செய்யும் ஒரு சர்ஜனிடம் போங்கள். வலிக்கும் இடத்தை அவரே பேனாவால் தோலில் வரைந்து காட்டட்டும். அல்ட்ராசவுண்ட், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். அந்த நரம்பை மரக்க வைக்கும் ஊசி போட்டுப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். வலி நின்றால் குற்றவாளி அந்த நரம்புதான். நரம்பு வலி மாத்திரைகள் பலருக்குப் போதும். வலையை எடுப்பது கடைசிப் படி. அது முதல் ஆபரேஷனைவிடக் கஷ்டமானது. பழைய ஆபரேஷன் குறிப்பை மறக்காமல் வாங்கிக்கொண்டு போங்கள். என்ன வலை, எதில் தைத்தார்கள், நரம்புகளைப் பார்த்தார்களா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

கேள்வி: ஹெர்னியாவுக்குக் கொசுவலையை வெட்டி வைக்கிறார்களாமே! வாட்ஸ்அப்பில் வந்தது. புரளிதானே சார்?
– கல்லூரி மாணவர், சிவகாசி

பதில்: புரளி இல்லை தம்பி. பெருமைப்பட வேண்டிய கதை. மகாராஷ்டிராவில் தோண்டைச்சா என்ற சிறிய ஊரில் டாக்டர் ரவீந்திரநாத் தோங்காவ்கர் என்ற சர்ஜன், கம்பெனி வலையின் விலையைக் கொடுக்க முடியாத விவசாயிகளுக்காக இதை ஆரம்பித்தார். பிளாஸ்டிக் இழைக் கொசுவலைத் துணியைச் சின்னச் சின்னதாக வெட்டி, கழுவி, நீராவியில் கிருமி நீக்கம் செய்து பயன்படுத்தினார். மற்ற ஊர் சர்ஜன்களையும் சேர்த்துக்கொண்டு செய்த பரிசோதனையை 2003இல் வெளியிட்டார். அதன்பிறகு ஆப்பிரிக்காவுக்கும் போனது. உகாண்டாவில் சுமார் 300 ஆண்களிடம் மலிவு வலையையும் கம்பெனி வலையையும் ஒப்பிட்டு 2016இல் வந்த ஆய்வில், ஒரு வருடம் கழித்து இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 1950களின் கடைசியில் அமெரிக்காவில் ஹூஸ்டனைச் சேர்ந்த பிரான்சிஸ் அஷர் ஹெர்னியாவுக்கு முதலில் கொண்டுவந்த வலையும், கொசுவலை இழையில் இருக்கும் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்தான். பாலிப்ரொப்பிலீன் என்ற இன்னொரு பிளாஸ்டிக் அதற்குப் பிறகு வந்தது.

ஆனால் எல்லாக் கொசுவலையும் ஒன்றில்லை. எந்த இழை, எவ்வளவு துளை, எந்தச் சூட்டில் உருகாது, பூச்சிமருந்து தடவியதா என்பதையெல்லாம் சோதித்துத்தான் அவர்கள் செய்தார்கள். உங்கள் வீட்டுக் கட்டிலில் தொங்குவதைக் கழற்றிக்கொண்டு யாரும் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம். இப்போது நம் நாட்டிலேயே தயாராகும் மலிவான, முறையான வலைகள் கிடைக்கின்றன.

கேள்வி: அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறேன். வலை வைத்தபின் எத்தனை நாளில் தூக்கலாம்? தூக்கினால் வலை நகர்ந்துவிடுமா?
– தஞ்சாவூர் வாசகர்

பதில்: நடப்பது, படி ஏறுவது, சாப்பிட உட்காருவது எல்லாம் அன்றைக்கோ மறுநாளோ. வலிக்காத வேலை எதையும் செய்யலாம் என்பதுதான் இன்றைய சர்வதேச வழிகாட்டுதல். முன்பு போல நீண்ட நாள் பெட்டில் கிடக்கச் சொல்வதில்லை. ஆனால் அந்த வழிகாட்டுதலை எழுதியவர்கள் மனதில் 75 கிலோ மூட்டை இருந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம். வலையின் துளைகளுக்குள் உங்கள் தசை வளர்ந்து அதைப் பிடித்துக்கொள்ளச் சில வாரங்கள் ஆகும். மூட்டைக்காரர்களை நான் ஆறு வாரம் நிறுத்தி வைப்பேன், பிறகு பாதிச் சுமையில் தொடங்கச் சொல்வேன். இது என் பழக்கம். உங்கள் டாக்டர் வேறு சொன்னால் அவர் பேச்சைக் கேளுங்கள், உங்கள் வலையைப் பார்த்தவர் அவர். மில் முதலாளிக்குக் காட்ட ஒரு சான்றிதழும் அவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். பீடி பிடித்தால் விடுங்கள், அந்த இருமல் மூட்டையைவிட மோசம்.

கேள்வி: எனக்கு 61 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியை. இடுக்கில் நெல்லிக்காய் அளவு கட்டி. பெண்களுக்கு ஹெர்னியா வராது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.
– காரைக்குடி

பதில்: வரும் டீச்சர். வாழ்நாளில் நூறு ஆண்களில் ஏறத்தாழ 27 பேருக்கு வந்தால் நூறு பெண்களில் 3 பேருக்கு. குறைவுதான், ஆனால் பெண்களுக்குத் தொடைக்குள் இறங்கும் வகை அதிகம். அதன் கழுத்து குறுகல் என்பதால் குடல் மாட்டிக்கொள்ளும் ஆபத்தும் அதிகம். வெளியிலிருந்து இடுக்கை மட்டும் மூடினால் இந்தத் தொடை வழி தப்பிவிடும். அதனால்தான் பெண்களுக்கு, வசதி இருக்கும் இடத்தில், உள்பக்கமிருந்து முழுப் பரப்பையும் மூடும் லேப்ராஸ்கோப் முறையைப் பரிந்துரைக்கிறார்கள். தள்ளிப்போடாதீர்கள். அது நெறிக்கட்டியாகவும் இருக்கலாம். எதுவானாலும் இந்த வாரமே காட்டுங்கள்.

கேள்வி: பேரனுக்கு எட்டு மாதம். அழுதால் இடுக்கு புடைக்கிறது. இவ்வளவு சின்னக் குழந்தைக்கு எந்த அளவு வலை வைப்பார்கள்?
– பாட்டி, ஆத்தூர்

பதில்: எந்த அளவும் இல்லை பாட்டி. குழந்தைகளுக்கு வலை கிடையாது. பிறப்பதற்கு முன் மூட வேண்டிய ஒரு வழி மூடாமல் இருக்கிறது, அதைக் கட்டிவிட்டால் போதும். வளருகிற உடம்பில் வளராத வலையை வைக்கக் கூடாது. ஆனால் ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது. புடைப்பு உள்ளே போகாமல், குழந்தை வீறிட்டு அழுது வாந்தி எடுத்தால் இரவு இரண்டு மணியானாலும் கிளம்புங்கள்.

கேள்வி: வயது 27. அடுத்த தை மாதம் கல்யாணம். வலை வைத்தால் குழந்தை பிறக்காதா?
– பெயர், ஊர் வேண்டாம்

பதில்: விந்துக்குழாய் வலையை ஒட்டிப் போகிறது என்பது உண்மை, அதனால் பயம் வருவது நியாயம். ஆனால் வலை வைத்தவர்களிடம் குழந்தையின்மை அதிகமாவதாக ஆய்வுகள் காட்டவில்லை. முன்பு சொன்ன அந்தப் புது வாசல் இறுகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். தை மாதத்துக்குள் நன்றாக ஆறிவிடும். பெண் வீட்டாரிடம் மறைக்க இதில் ஒன்றுமில்லை.

கேள்வி: அப்பாவுக்கு 78. பல வருடமாக இருக்கிறது, வலியே இல்லை. கட்டாயம் செய்ய வேண்டுமா? வலை இல்லாமல் செய்ய முடியுமா?
– வேலூர் வாசகர்

பதில்: தொந்தரவே தராத ஹெர்னியா உள்ள ஆண்களைக் கவனித்துக்கொண்டே காத்திருக்கலாம். அமெரிக்காவில் 720 ஆண்களை வைத்துச் செய்த ஆய்வு 2006இல் வந்தது. காத்திருந்தவர்களில் திடீரென்று குடல் மாட்டிக்கொண்டது ஆண்டுக்கு ஆயிரத்தில் இரண்டு பேருக்கும் குறைவு. ஆனால் பத்து வருடத்துக்குள் மூன்றில் இரண்டு பங்குப் பேர் எப்படியும் ஆபரேஷனுக்கு வந்துவிட்டார்கள், பெரும்பாலும் வலி தொடங்கியதால். அப்பாவின் இதயம், நுரையீரல் எப்படி என்பதையும் சேர்த்து முடிவெடுங்கள். திடீர் வலி, கல் போல இறுகிய புடைப்பு, வாந்தி வந்தால் யோசிக்க நேரமில்லை.

வலை இல்லாமலும் முடியும். கனடாவில் டொரன்டோவுக்கு அருகே ஷோல்டைஸ் மருத்துவமனையில் பல்லாண்டுகளாகத் தசைகளை அடுக்கடுக்காகத் தைத்தே செய்கிறார்கள். புனேயில் மோகன் தேசர்தா என்பவர் நோயாளியின் சொந்தத் தசைப்போர்வையிலிருந்தே ஒரு பட்டையை எடுத்துத் தைக்கும் முறையைக் கொண்டுவந்தார். அதுதான் உண்மையில் அவரவர் உடம்புக்கு வெட்டிய துணி! ஆனால் இவை பழகிய கைகளுக்குத்தான் நல்ல பலன் தரும். அப்பாவின் வயதில், தேய்ந்த தசையை இழுத்துத் தைப்பதைவிட வலையே மேல் என்பேன்.

கேள்வி: வலை வைத்தால் ஏர்போர்ட்டில் 'பீப்' அடிக்குமா? எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?
– துபாயிலிருந்து ஒரு வாசகர்

பதில்: வலை பிளாஸ்டிக். அடிக்காது, எம்.ஆர்.ஐ.யும் எடுக்கலாம். சிலருக்கு வலையைப் பிடித்து வைக்கச் சின்ன டைட்டானிய ஆணிகள் அடித்திருப்பார்கள், அவையும் எம்.ஆர்.ஐ.க்குத் தடையில்லை, டெக்னீஷியனிடம் மட்டும் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு வலைப் பெட்டியிலும் தயாரிப்பு எண் போட்ட ஸ்டிக்கர் இருக்கும். ஒன்றைக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். இன்னொன்றை உங்கள் டிஸ்சார்ஜ் தாளில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொண்டால் எந்த ஊர் டாக்டருக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்.